வீட்டிலே படம் பிடிப்போரும் விற்பனை வரியும்



தோட்டத்து வீடு ஒன்றின் கூடத்துச் சுவரைப் பார்த்தால் போதும், அந்தக் குடும்பத்தின் கதை தெரிந்துவிடும். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாலை சூட்டிய தாத்தாவின் படம் இருக்கும். அதற்குக் கீழே திருமணப் படம், மகளின் சடங்குப் படம், மகன் பட்டம் வாங்கிய படம் என்று வரிசையாக இருக்கும். முன்பெல்லாம் இப்படி ஒரு படம் வேண்டுமானால், சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு பஸ் ஏறிச் சிரம்பானுக்கோ, பகாவுக்கோ, போர்ட்டிக்சனுக்கோ போக வேண்டும். ஸ்டூடியோவில் அரண்மனை வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்க வேண்டும். படம் கைக்கு வர இன்னொரு பயணம்.

இன்று நிலைமை வேறு. நெகிரி செம்பிலான் தோட்டங்களில், ரந்தாவ், சிலியாவ், லாபு, கெமாஸ் எந்தப் பக்கம் போனாலும், வீட்டிலேயே படம் பிடிக்கும் இளைஞர்களையும் பெண்களையும் பார்க்கலாம். காலையில் செம்பனைக் காட்டு வேலை அல்லது தொழிற்சாலை வேலை. மாலையிலும் வார இறுதியிலும் காமெரா. கூடத்தில் ஒரு திரைச்சீலை, இரண்டு விளக்குகள், ஒரு முக்காலி, கடை தயார். காது குத்து, நிச்சயதார்த்தம், கோயில் திருவிழா, குடும்பப் படம் என்று வேலையும் வருகிறது.

வேலை வரும்போதே ஒரு பயமும் சேர்ந்து வருகிறது. "நான் படம் விற்கிறேனே, விற்பனை வரி கட்ட வேண்டுமா? சுங்க இலாகாவில் பதிய வேண்டுமா? கட்டாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்களா?" என்ற பயம்தான் அது. இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாததால் ஏற்படும் நட்டம் சிறியதல்ல. அதைத்தான் இன்று விளக்கமாகப் பார்க்கப் போகிறோம். நாம் சொல்லும் விவரங்கள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி உள்ளவை.

முதலில் நாம் நேரில் கண்ட ஒரு காட்சி. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு திருமணம் நடந்தது. படம் எடுத்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பையன். மறுவாரம் அவர் கொடுத்த பில்லில் படக் கூலி 2,500 வெள்ளி என்றும், அதற்குக் கீழே வரி 6 சதவீதம், 150 வெள்ளி என்றும் எழுதியிருந்தது. பெண்ணின் தகப்பனார் பழைய மண்டோர், கணக்கில் கெட்டிக்காரர். "தம்பி, இந்த 150 வெள்ளி எங்கே போகும்?" என்று கேட்டார். பையன் திருதிருவென்று விழித்தார். சில ஆண்டுகளுக்கு முன் நகரத்து ஸ்டூடியோ ஒன்றின் பில்லைப் பார்த்து அப்படியே அச்சடித்திருக்கிறார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். வரி என்று வாங்கிய காசையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் தனியாகப் போட்டு வைத்திருந்தார். யாரிடம் கட்டுவது என்று தெரியவில்லை, கேட்கவும் பயம்.

அந்த வரி எங்கிருந்து வந்தது? அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

நம் நாட்டில் விற்பனை வரி 1972ஆம் ஆண்டிலும், சேவை வரி 1975ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. நாற்பது ஆண்டுக்கு மேல் இவை இருந்தன. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில் இரண்டையும் எடுத்துவிட்டு, ஜி.எஸ்.டி. எனப்படும் பொருள் சேவை வரியைக் கொண்டுவந்தார்கள். அதன் விகிதம் 6 சதவீதம். தொழிற்சாலை, மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் அந்த வரி உண்டு. ஆகவே பல பில்களிலும் அந்த 6 சதவீதம் தெரிந்தது. 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியில் அந்த விகிதத்தைப் பூஜ்யமாக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதியில் பழைய விற்பனை வரியும் சேவை வரியும் புதிய சட்டங்களோடு திரும்பி வந்தன. இவ்விரண்டையும் சேர்த்துத்தான் எஸ்.எஸ்.டி. என்கிறார்கள். ஜி.எஸ்.டி. போனபின்னும் அந்தக் காலத்துப் பில்லின் அச்சு மட்டும் போகவில்லை. நமது படக்காரத் தம்பி பார்த்து எழுதியது அதைத்தான்.

சரி, இன்றைய விற்பனை வரி எப்படி வேலை செய்கிறது?

பெயர் விற்பனை வரியாக இருந்தாலும், கடையில் விற்கும் ஒவ்வொருவரும் கட்டும் வரி அன்று இது. பொருளை உற்பத்தி செய்பவரிடமும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவரிடமும் ஒரே ஒரு முறை வாங்கப்படும் வரி. பொருளைப் பொறுத்து 5 அல்லது 10 சதவீதம். வரியே இல்லாத பொருள்களும் உண்டு. வசூலிப்பது அரச மலேசியச் சுங்க இலாகா.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். ஒரு தொழிற்சாலை படச் சட்டம் செய்கிறது. ஒரு சட்டத்தின் விலை 20 வெள்ளி. வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், தொழிற்சாலை 2 வெள்ளி சேர்த்து 22 வெள்ளிக்கு மொத்த வியாபாரியிடம் விற்கும். அந்த 2 வெள்ளியைத் தொழிற்சாலைதான் சுங்க இலாகாவுக்குக் கட்டும். அதன் பிறகு மொத்த வியாபாரி கடைக்காரரிடம் விற்றாலும், கடைக்காரர் உங்களிடம் விற்றாலும், நீங்கள் படத்தைப் போட்டு வாடிக்கையாளரிடம் விற்றாலும் மறுபடி வரி இல்லை. அந்த 2 வெள்ளி விலைக்குள்ளே கரைந்துவிட்டது. பில்லிலும் தெரியாது. அதாவது, நீங்கள் விற்பனை வரி கட்டுகிறவர்தான். வாங்குகிறவர் என்ற முறையில், உங்களுக்குத் தெரியாமலே கட்டிவிட்டீர்கள். அதைத் திரும்பக் கேட்க வழியில்லை. ஆனால் அதையே வாடிக்கையாளரிடம் இன்னொரு முறை வரி என்று வாங்கவும் உங்களுக்கு உரிமையில்லை.

இங்கே ஒரு புத்திசாலித்தனமான கேள்வி எழலாம். "உற்பத்தியாளருக்கு வரி என்கிறீர்கள். நான் வெள்ளைத் தாளை வாங்கி அதில் படம் அச்சிட்டுக் கொடுக்கிறேன். வெள்ளைத் தாள் வேறு, படம் வேறு. அப்படியானால் நானும் உற்பத்தியாளர்தானே?"

நல்ல கேள்வி. ஒரு பொருளின் அளவு, வடிவம், தன்மை, தரம் ஆகியவற்றை மாற்றிப் புதிய பொருளாக்குவதே உற்பத்தி என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கண்கொண்டு பார்த்தால் படம் அச்சிடுவதும் அதில் அகப்பட்டுக்கொள்ளும். இந்தச் சங்கடம் வரும் என்று தெரிந்துதான், 2018ஆம் ஆண்டு வெளியிட்ட விற்பனை வரிப் பதிவு விலக்கு ஆணையில், பதிவு செய்யத் தேவையில்லாத தொழில்களின் பட்டியல் ஒன்று தரப்பட்டது. படம் கழுவுதல், படம் அச்சிடுதல், வில்லைப் படம் தயாரித்தல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே, படம் எடுத்து அச்சிட்டுக் கொடுப்பதற்காக நீங்கள் விற்பனை வரிக்குப் பதிய வேண்டியதில்லை.

சிலர் படத்தோடு நிற்பதில்லை. மரம் வாங்கி அறுத்து, சாயம் பூசிச் சட்டமும் செய்து விற்கிறார்கள். சட்டம் செய்வது உற்பத்திதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வரிக்குரிய பொருளின் விற்பனை பன்னிரண்டு மாதத்தில் 500,000 வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மாதக் கணக்கில் பார்த்தால் 41,000 வெள்ளிக்கு மேல் சட்டம் விற்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து ஆணி அடிக்கிறவருக்கு அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்தது சேவை வரி. "படம் எடுப்பது சேவைதானே, அதற்கு வரி இருக்குமே?" என்று கேட்கலாம். சேவை வரி எல்லாச் சேவைக்கும் கிடையாது. சட்டத்தில் பட்டியல் போட்டுச் சொன்ன சேவைகளுக்கு மட்டுமே உண்டு. தங்கும் விடுதி, தொலைபேசி, காப்புறுதி, வாகனப் பழுதுபார்ப்பு, விளம்பரம், வக்கீல், கணக்காய்வாளர் போன்றவை அதில் அடங்கும். 2024ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து பொது விகிதம் 8 சதவீதம் ஆயிற்று. உணவு, தொலைபேசி போன்ற சிலவற்றுக்கு 6 சதவீதமே நீடித்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியில் வாடகை, கட்டுமானம் முதலிய துறைகளையும் சேர்த்தார்கள். அப்போது பத்திரிகையில் வந்த செய்திகளைப் பார்த்துப் பலரும் கலங்கினார்கள். குடும்பப் படமும் கல்யாணப் படமும் எடுக்கும் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் தொலைபேசிக் கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள், சேவை வரி என்று தனியாக அச்சிட்டிருக்கும். அங்கே நீங்கள் கட்டுகிறவர். உங்கள் பில்லில் அப்படி ஒரு வரி இருக்கக்கூடாது.

பிற நாட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறோம். காரணம், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும், தமிழ்நாட்டில் இருக்கும் மாமாவும், கைப்பேசியில் வரும் காணொளிகளும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் குழப்புவதுண்டு. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி இருக்கிறது. 2024 முதல் 9 சதவீதம். ஆண்டு வருமானம் பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியவர் பதிய வேண்டும். இந்தியாவில் 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. இருக்கிறது. தமிழ்நாட்டில் சேவைத் தொழில் செய்பவருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் என்பது பொதுவான எல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அச்சிட்ட படத்தை விற்றால் விற்பனை வரி உண்டு. அந்தந்த நாட்டில் அவரவர் சொல்வது சரி. நம் நாட்டுக்குப் பொருந்துவது நம் நாட்டுச் சட்டம்தான்.

இப்போது அந்தப் பிஸ்கட் டின்னுக்கு வருவோம். வரிக்குப் பதிவு பெறாத ஒருவர் வரி என்ற பெயரில் பணம் வாங்கக்கூடாது. அந்தத் தம்பி தன் தவற்றை உணர்ந்து, பழைய பில்களைத் தேடி எடுத்து, வாங்கியவர்களிடமே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மண்டோர் ஐயா அந்த 150 வெள்ளியை வாங்கிக்கொண்டு, அடுத்த மகளின் நிச்சயதார்த்தத்துக்கும் அவரையே படமெடுக்கக் கூப்பிட்டார். உங்கள் கூலி உயர வேண்டுமானால் கூலியை உயர்த்திச் சொல்லுங்கள். வரி என்று பெயர் வைக்காதீர்கள். அதேபோல், "எஸ்.எஸ்.டி. லைசென்ஸ் எடுத்துத் தருகிறோம், இத்தனை வெள்ளி கொடுங்கள்" என்று தோட்டத்துக்குள் யாராவது வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். தேவையே இல்லாத பதிவுக்குக் கட்டணம் எதற்கு? சந்தேகம் இருந்தால் சிரம்பானில் உள்ள சுங்க இலாகா அலுவலகத்தில் நேரே கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

நேயர்களே, இதுவரை கேட்டதும், "அப்படியானால் நமக்கு எந்தக் கடமையும் இல்லை" என்று எழுந்து போய்விடாதீர்கள். விற்பனை வரிக்குப் பயந்துகொண்டே, உண்மையாகச் செய்ய வேண்டிய காரியங்களைச் செய்யாமல் விட்டவர்கள் பலர். அவை மூன்று.

முதலாவது, தொழிலைப் பதிவு செய்வது. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். வீட்டில் நடத்தும் தொழிலுக்கும் இது பொருந்தும். பதிவு செய்யும் இடம் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம். சிரம்பானில் அதன் கிளை இருக்கிறது. கணினி வழியாகவும் பதியலாம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே தொழில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஓர் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரைக்கும் சேர்த்துக் கட்டலாம். பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் பதியலாம். நிரந்தர வாசிகளும் பதியலாம். ஆகவே சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் தமக்கு முடியாது என்று எண்ணி ஒதுங்க வேண்டாம். தொழிலை நிறுத்தினால் அதையும் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இதில் தோட்டத்து மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாம் குடியிருக்கும் வீடு பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. அந்த முகவரியில் தொழில் பதியுமுன் நிர்வாகியிடம் சொல்லி, அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக "செய்துகொள்" என்று சொன்ன நிர்வாகி மாறிப்போவார், கடிதம் மாறாது. வெளியே பெயர்ப் பலகை மாட்டுவதானாலும், பட்டணத்தில் ஒரு கடை எடுப்பதானாலும், அந்த வட்டாரத்து நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ லைசென்ஸ் பற்றிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, வருமான வரி. இதுவும் விற்பனை வரியும் ஒன்றல்ல. விற்பனை வரி பொருளின் மேல் விழுவது. வருமான வரி உங்கள் ஆதாயத்தின் மேல் விழுவது. இதை வசூலிப்பது உள்நாட்டு வருமான வரி வாரியம். சம்பளம் மட்டும் வாங்குபவர் பி.இ. பாரத்தை ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். சொந்தத் தொழிலும் இருந்தால் பி பாரம். அதற்குக் கடைசி நாள் ஜூன் 30. சம்பளமும் பட வருமானமும் அதே பாரத்தில் சேரும். பாரம் அனுப்ப வேண்டியவர் அனுப்பத் தவறினால் 200 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

"ஐயோ, அப்படியானால் சம்பாதித்ததெல்லாம் வரியிலேயே போய்விடுமே!" என்று பயப்பட வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் தோட்டத்தில் மாதம் 1,700 வெள்ளிச் சம்பளத்தில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,400 வெள்ளி. படம் எடுத்து ஆண்டு முழுவதும் அவர் கைக்கு வந்தது 36,000 வெள்ளி. ஆனால் அதற்குச் செலவும் உண்டு. படம் அச்சிட்ட கூலி 7,500 வெள்ளி. சட்டமும் ஆல்பமும் 6,000. பெட்ரோல், டோல் 2,800. விளக்குப் பிடித்த உதவியாளுக்குக் கொடுத்தது 2,500. திரை, பழுதுபார்ப்பு, தொலைபேசி 1,200. மொத்தச் செலவு 20,000 வெள்ளி. ஆகவே உண்மையான ஆதாயம் 16,000 வெள்ளிதான். சம்பளத்தோடு சேர்த்தால் 36,400. இதில் தனிநபர் கழிவு 9,000 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்குப் பிடித்தது 2,244 வெள்ளி. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 25,156 வெள்ளி.

இதற்கு வரி எவ்வளவு? முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 15,000 வெள்ளிக்கு 1 சதவீதம், அதாவது 150 வெள்ளி. மீதி 5,156 வெள்ளிக்கு 3 சதவீதம், ஏறக்குறைய 155 வெள்ளி. ஆக 305 வெள்ளி. ஆனால் வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு 400 வெள்ளி வரை தள்ளுபடி உண்டு. ஆகவே அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. மனைவி, பிள்ளைகளுக்கு உள்ள கழிவுகளைச் சேர்க்காமலே இந்த நிலைமை.

இப்போது அதே மனிதர் கணக்கே எழுதவில்லை, ஒரு ரசீதும் வைத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்த 36,000 வெள்ளி பேங்கில் தெரிகிறது. செலவு 20,000 வெள்ளியைக் காட்ட வழியில்லை. அப்போது சம்பளமும் சேர்ந்து 56,400 வெள்ளி. அதே கழிவுகளைக் கழித்தால் 45,156 வெள்ளி நிற்கும். முதல் 35,000 வெள்ளிக்கு வரி 600. மீதி 10,156 வெள்ளிக்கு 6 சதவீதம், சுமார் 609 வெள்ளி. மொத்தம் 1,209 வெள்ளி. வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டிவிட்டதால் 400 வெள்ளித் தள்ளுபடியும் போய்விட்டது.

மனிதர் ஒருவர்தான், உழைப்பும் ஒன்றுதான். ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாத குறைக்கு 1,209 வெள்ளி நட்டம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே மூன்றாவது கடமை, கணக்கு எழுதுவது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தோட்டத்துக் கிராணி பெரட்டு முடிந்ததும் செக்ரோலில் பெயர் குறிப்பது போல, அன்றன்று எழுதினால் போதும். ஒரு நோட்டுப் புத்தகத்தின் இடப் பக்கத்தில் வரவு, வலப் பக்கத்தில் செலவு. தேதி, ஆள் பெயர், என்ன வேலை, எவ்வளவு. முன்பணம் வாங்கினால் அதையும் எழுத வேண்டும். ரசீதுகளை மாதத்துக்கு ஒரு உறை என்று போட்டுக் கட்டி வையுங்கள். கடை ரசீதின் எழுத்துச் சில மாதங்களில் மங்கிவிடும். ஆகவே அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊராரின் முகத்தையெல்லாம் படம் எடுக்கிற நீங்கள் உங்கள் ரசீதையும் ஒரு படம் எடுக்கக்கூடாதா? இவற்றை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

எது செலவு, எது செலவல்ல என்பதிலும் கவனம் வேண்டும். வீட்டுக்கு வாங்கிய அரிசியும் பிள்ளையின் பள்ளிச் சப்பாத்தும் தொழில் செலவு ஆகமாட்டா. காமெரா போல நெடுநாள் உழைக்கும் பொருளின் விலையை அந்த ஆண்டுச் செலவாக அப்படியே எழுத முடியாது; மூலதனக் கழிவு என்ற முறையில் ஆண்டுதோறும் ஒரு பகுதியாகக் கழிக்க வேண்டும். ஆனால் 2,000 வெள்ளிக்கு மேற்படாத சிறு சாமான்களின் விலையை ஒரே ஆண்டில் கழித்துக்கொள்ள வழியிருக்கிறது. பேங்கில் தொழிலுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்துகொண்டால், வீட்டுக் காசும் தொழில் காசும் கலக்காது.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ரசீதில் உங்கள் பெயர், எஸ்.எஸ்.எம். பதிவு எண், தேதி, வரிசை எண், வேலை விவரம், தொகை ஆகியவை இருக்கட்டும். சேவை வருமானம் ஆண்டுக்கு 100,000 வெள்ளியைத் தாண்டினால், வரிசை எண் அச்சிட்ட ரசீது கொடுப்பது வருமான வரிச் சட்டப்படி கட்டாயம். அந்த அளவுக்கு வளராதவருக்கும் அது நல்ல பழக்கம். "முன்பணம் கொடுத்தேன்", "கொடுக்கவில்லை" என்ற வழக்கு ரசீது இருக்கும் இடத்தில் எழாது. மின்விலைச்சீட்டு என்று இப்போது பேசுகிறார்களே, 2025ஆம் ஆண்டில் ஆண்டு வருமானம் 500,000 வெள்ளிக்குக் கீழே இருந்த சிறு தொழிலுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது.

வரிக் கணக்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாம் பிறந்து வளர்ந்த தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நீலாய், சிரம்பான் பக்கம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். தோட்டம் போனால் வேலையும் போகிறது, வீடும் போகிறது. அந்த நாளில் கையில் காமெரா இருந்தால் போதாது. இது என் தொழில் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். கடை எடுக்கவும் நல்ல கருவி வாங்கவும் கடன் கேட்டால், பதிவுச் சான்றிதழ் எங்கே, வரவு செலவுக் கணக்கு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்தியச் சமூகத்துச் சிறு வணிகர்களுக்கென்று தெக்குன் நேஷனல் நிறுவனம் நடத்தும் ஸ்பூமி கடன் திட்டமும் பதிவு பெற்ற தொழிலுக்குத்தான். பத்து ஆண்டு நன்றாகத் தொழில் செய்தும், எழுத்தில் ஒன்றும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. சிறிய தொழிலாக இருந்தும் ஒழுங்காகக் கணக்கு வைத்ததால் தலைநிமிர்ந்து நின்றவர்களும் உண்டு.

இன்று சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறோம். வீட்டில் படம் எடுத்து அச்சிட்டுக் கொடுப்பவர் விற்பனை வரிக்குப் பதிய வேண்டாம். வரி என்று யாரிடமும் வாங்கவும் வேண்டாம். எஸ்.எஸ்.எம்மில் பதியுங்கள். நிர்வாகத்தின் கடிதத்தை வாங்குங்கள். ஜூன் மாதத்துக்குள் வருமான வரிப் பாரத்தை அனுப்புங்கள். அன்றாடம் கணக்கு எழுதுங்கள். அப்பாவுக்கு எழுத நேரமில்லாவிட்டால், படிவம் மூன்றில் படிக்கும் மகளிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். அவளுக்கும் கணக்குப் பயிற்சி, உங்களுக்கும் காவல்.

அடுத்த முறை கூடத்துச் சுவரில் ஒரு படத்தை மாட்டும்போது, அதன் பக்கத்திலேயே ஒரு சிறிய சட்டத்தில் உங்கள் பதிவுச் சான்றிதழையும் மாட்டி வையுங்கள். வருகிறவர்கள் அதையும் பார்க்கட்டும்.